பழுதான பொருளை மாற்றித் தர மறுத்தால்: கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது எப்படி?

கார்டில் பணம் கட்டி ஆன்லைனில் ஒரு பொருள் வாங்கியாயிற்று. வந்த பொருள் பழுது. விற்றவர் மாற்றியும் தரவில்லை, பணத்தையும் தரவில்லை. வங்கி மூலம் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற முடியுமா, முடியுமென்றால் எப்படி என்பதுதான் கேள்வி.

முடியும். இதற்கு சார்ஜ்பேக் என்று பெயர். வங்கி ஆப்பிலும் படிவங்களிலும் ‘டிஸ்ப்யூட்’ என்று இருக்கும். ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருப்பது மட்டும் போதாது. நியாயமான புகார்களே தோற்றுப்போவதுண்டு. அடிக்கடி காரணமாவது ஒரே ஒரு விடுபடல்தான்: ‘பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தேன்’ என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்காது. கீழே சொல்லும் மற்ற எல்லாவற்றையும்விட இதைக் கவனத்தில் வையுங்கள்.

ஏன் அது அவ்வளவு முக்கியம் என்பது, பணம் எந்த வழியில் திரும்பி வருகிறது என்று பார்த்தால் புரியும். உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒரு முனையில் இருக்கிறது. விற்பவருக்குக் கார்டு வசதி செய்து கொடுத்த வங்கி மறுமுனையில். நடுவே விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க். நீங்கள் புகார் கொடுத்தால் உங்கள் வங்கி நெட்வொர்க் வழியாக மறுமுனை வங்கியிடமிருந்து தொகையை எடுக்கும், அந்த வங்கி விற்பவரின் கணக்கில் கழித்துக்கொள்ளும். விற்பவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தன் ஆவணங்களோடு பதில் அனுப்புவார். இந்தச் சங்கிலியில் யாருமே உங்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. எல்லோரும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் காகிதத்தில் அவர்கள் தேடுவது: பழுது என்னவென்று தெளிவாக எழுதியிருக்கிறதா, விற்பவரோடு பேசித் தீர்க்க முயன்றதற்கு அடையாளம் உண்டா, பொருள் திருப்பித் தரப்பட்டதா அல்லது தர முன்வந்தீர்களா. பணமும் வேண்டும், பொருளும் கையிலேயே இருக்கும் என்ற தோற்றம் வந்துவிட்டால் புகார் அங்கேயே பலவீனமாகிவிடும்.

எந்தத் தலைப்பில் புகார் செய்வது

ஒவ்வொரு நெட்வொர்க்கும் புகார்களுக்குக் காரண எண்கள் வைத்திருக்கிறது. விசாவில் ‘சொன்னபடி இல்லாத அல்லது பழுதான பொருள்’ என்பதற்கு 13.3. பொருள் வரவே இல்லை என்பதற்கு 13.1. போலிப் பொருள் என்றால் 13.4. திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்ட பணம் வரவில்லை என்றால் 13.6. மாஸ்டர்கார்டில் இவற்றில் பெரும்பாலானவை 4853 என்ற ஒரே எண்ணுக்குக் கீழே உட்பிரிவுகளாக வரும். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் சொன்னபடி இல்லாத பொருளுக்கு சி31, சேதமான அல்லது பழுதான பொருளுக்கு சி32. நீங்கள் எந்தப் படிவத்திலும் இந்த எண்ணை எழுத வேண்டியதில்லை. ஆனால் உங்கள் விவரத்தைப் படிக்கும் வங்கி ஊழியர் அதை இவற்றில் ஒன்றில் பொருத்துவார், அந்த எண்ணுக்கு என்னென்ன ஆதாரம் வேண்டுமோ அதைத்தான் தேடுவார். ஆகவே ‘வந்தது, வேலை செய்யவில்லை, மாற்றித் தரவில்லை’ என்று ஒரே கோட்டில் எழுதுவது நல்லது. ‘ஏமாற்றிவிட்டார்கள், மோசடிக் கடை’ என்று பொங்கி எழுதினால் புகார் தவறான பெட்டிக்குள் போய் விழும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் வேகமாகப் பணம் வரும் என்று நம்பி, ‘இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவே இல்லை’ என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். கஸ்டமர் கேரில் பேசுபவர்களும் சில நேரம் பேச்சை அந்தப் பக்கம் இழுப்பார்கள், ஏனென்றால் அவர்களிடம் இருக்கும் படிவங்களில் அதுதான் எளிது. வேண்டவே வேண்டாம். முதல் விளைவு, கார்டு உடனே முடக்கப்படும். அடுத்து, விற்பவர் ஓடிபி சரிபார்ப்பு விவரம், உங்கள் பெயரும் முகவரியும் உள்ள டெலிவரி ரசீது, பழுது பற்றி நீங்களே அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் காட்டுவார், புகார் தோற்கும். பொய்ப் புகார் கொடுத்தவர் என்ற குறிப்பு வங்கியில் நிற்பதும் நல்லதல்ல. ஓடிபி போட்டு வாங்கியிருந்தால் டிஸ்ப்யூட் செய்ய முடியாது என்று சிலர் சொல்வது இந்தக் குழப்பத்தில் பிறந்ததுதான். ஓடிபி, வாங்கியது நீங்கள்தான் என்பதை உறுதிப்படுத்துகிறது. பொருள் நன்றாக இருந்தது என்பதை அது உறுதிப்படுத்துவதில்லை. பழுதுப் புகாருக்கு அது தடையே இல்லை.

விற்பவருக்கு எழுதும் கடிதம்

வங்கியிடம் போவதற்கு முன் விற்பவருக்கு எழுத்தில் ஒரு கடைசிச் செய்தி போயிருக்க வேண்டும். தொலைபேசியில் பத்து முறை கெஞ்சியதற்குச் சாட்சி கிடையாது. சாட் என்றால் ஸ்கிரீன்ஷாட்டில் தேதியும் விற்பவர் பெயரும் ஒன்றாகத் தெரிய வேண்டும், மின்னஞ்சல் என்றால் இன்னும் நல்லது. தொலைபேசியில் பேசியே ஆகவேண்டி வந்தால், பேசி முடித்ததும் ‘இன்று பேசியபோது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னீர்கள்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அவர் மறுக்காமல் விட்டால் அதுவே பதிவாகிவிடும்.

எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“ஆர்டர் எண் இன்னது. பொருள் இன்ன தேதியில் கிடைத்தது. மின் இணைப்பு கொடுத்தும் இயங்கவில்லை. நீங்கள் சொன்ன ரீசெட் முறையையும் செய்து பார்த்தேன், பலனில்லை. வீடியோ இணைத்திருக்கிறேன். பொருளை மாற்றித் தாருங்கள், அல்லது முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். வந்த பெட்டியோடும் துணைப் பொருட்களோடும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், அல்லது எந்த நாளில் வந்து எடுத்துக்கொள்வீர்கள் என்பதை இன்ன தேதிக்குள் தெரிவியுங்கள். இல்லையென்றால் என் வங்கியிடம் டிஸ்ப்யூட் பதிவு செய்வேன்.”

இதில் திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. ரீசெட் செய்து பார்த்தேன் என்ற வரி, ‘வாடிக்கையாளர் சரிபார்க்க ஒத்துழைக்கவில்லை’ என்று பின்னால் வரக்கூடிய பதிலை முன்கூட்டியே அடைக்கிறது. ‘திருப்பிக் கொடுக்கத் தயார், முகவரி சொல்லுங்கள்’ என்ற வரிதான் கடிதத்தின் உயிர். மாஸ்டர்கார்டு விதியில், பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் அல்லது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விற்பவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். விசாவில் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும் அல்லது அனுப்ப முயன்றிருக்க வேண்டும். விற்பவர் ‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று எழுத்தில் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு வலுவான ஆதாரம். பதிலே வராமல் போனாலும், நீங்கள் அனுப்பிய செய்தியும் அதில் குறித்த கெடு நாளும் உங்கள் முயற்சியைக் காட்டும்.

விற்பவர் முகவரி கொடுத்துவிட்டார், ஆனால் அனுப்பும் செலவை உங்கள் தலையில் போடுகிறார் என்றால்? எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் செலவு தாங்கக்கூடியதென்றால் அனுப்பிவிடுவதே நல்லது. வழி திறந்திருந்தும் அனுப்பவில்லை என்பது உங்களுக்கு எதிராகத் திரும்பும். அனுப்பும்போது ட்ராக்கிங் எண்ணும், பெறுபவர் கையெழுத்தும் கிடைக்கிற கூரியராகப் பாருங்கள். பெட்டியை மூடுவதற்கு முன் வரிசை எண் தெரியும்படி படம் எடுங்கள், எடையை எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு நாட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி, அதற்கான கட்டணம் பொருளின் விலையையே தொட்டால், அந்தக் கட்டண மதிப்பீட்டைக் கூரியரிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அனுப்பும் லேபிளை விற்பவரிடமே கேளுங்கள். வீங்கிய லித்தியம் பேட்டரி உள்ள சாதனத்தைக் கூரியரில் போடவே கூடாது. பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை இருக்கிறது. அங்கே ‘வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதுதான் சரியான வழி, காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

புகார் முடியும்வரை பொருளைப் பயன்படுத்தாதீர்கள், தூக்கிப் போடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், உள்ளூர்க் கடையில் கொடுத்துப் பிரிக்கவும் விடாதீர்கள். பிரித்த தடம் இருந்தால் ‘அவரே கெடுத்துக்கொண்டார்’ என்ற பதில் தயாராக வரும். நிபுணர் கருத்து வேண்டுமென்றால் பிரிக்காமல் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். உற்பத்தி நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் தரும் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதற்கு ஈடான ஆதாரம் கிடையாது.

நாள் கணக்கு

விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் பழுதுப் புகாருக்குப் பொதுவான எல்லை 120 நாள். பொருளுக்கு இது பெரும்பாலும் கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்படும். இது உங்கள் வங்கி நெட்வொர்க்கில் பதிவு செய்ய வேண்டிய எல்லை, நீங்கள் வங்கிக்குச் சொல்ல வேண்டிய எல்லை அல்ல. வங்கிக்குப் படிவத்தைப் பார்க்கவும் கூடுதல் ஆவணம் கேட்கவும் நேரம் வேண்டும், அதனால் பல வங்கிகள் தங்களுக்கென்று இன்னும் குறுகிய கெடு வைத்திருக்கும். கார்டு விதிமுறையில் அது இருக்கும், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

விசாவில் இன்னொரு கணக்கும் உண்டு. பொருளைத் திருப்பி அனுப்பிய பிறகு, அல்லது அனுப்ப முயன்ற பிறகு, விற்பவருக்குப் பணம் திருப்பித் தர 15 நாள் அவகாசம் விட்டுத்தான் வங்கி புகாரை நெட்வொர்க்கில் ஏற்ற முடியும். 120 நாள் கெடு தாண்டிவிடும் என்ற நிலை வந்தால் அந்தக் காத்திருப்பில் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பிக் கடைசி வாரம் வரை இழுக்க வேண்டாம். டெலிவரியான 60 நாளுக்குள் வங்கியில் புகார் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பாதுகாப்பான இலக்கு.

சில விற்பவர்களுக்கு இந்த 120 நாள் நன்றாகத் தெரியும். ‘அடுத்த வாரம் புது ஸ்டாக் வருகிறது’, ‘தொழில்நுட்பக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறோம்’, ‘மேலாளர் விடுப்பில் இருக்கிறார்’ என்று இனிக்க இனிக்கப் பேசியே மூன்று மாதத்தைக் கரைத்துவிடுவார்கள். கோபமாக மறுப்பவரைவிட இவர்கள்தான் ஆபத்து. ஒரு கெடு தேதி கொடுங்கள். அது தாண்டினால் இன்னொரு கெடு கொடுக்காமல் வங்கிக்குப் போங்கள். மாற்றுப் பொருள் ஒன்று வந்து அதுவும் பழுதாக இருந்தால் கெடு புதிதாகத் தொடங்கும் என்று எண்ண வேண்டாம். முதல் பொருள் வந்த நாளையே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து, ஐந்தாறு மாதம் கழித்துக் கெட்டுப்போன பொருளுக்கு இந்த வழி பொருந்தாது. கெடுவும் போயிருக்கும், கிடைத்தபோதே பழுது என்று காட்டவும் முடியாது. அது வாரண்டிப் பிரச்சினை. உற்பத்தி நிறுவனத்திடமோ நுகர்வோர் அமைப்பிடமோ போக வேண்டியது. எல்லைக்கோட்டில் நிற்பவை, அதாவது முதல் இரண்டு வாரத்திலேயே நின்றுபோனவை, பெரும்பாலும் பழுதுப் புகாராகவே எழுதக்கூடியவை. ஆனால் எந்த நாளில் முதல் அறிகுறி தென்பட்டது, எந்த நாளில் விற்பவருக்குச் சொன்னீர்கள் என்ற இரண்டும் அருகருகே இருக்க வேண்டும்.

வங்கிக்கு என்ன கொடுப்பது

ஆப்பில் பரிவர்த்தனையைத் தொட்டு டிஸ்ப்யூட் தரும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வங்கி இணையதளத்தில் உள்ள டிஸ்ப்யூட் படிவம். தொலைபேசியில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பின்னாலேயே ஆவணங்களை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கணக்கு இன்னும் முடியாத, ‘நிலுவையில்’ என்று காட்டும் தொகையை டிஸ்ப்யூட் செய்ய முடியாது. அது பதிவான பிறகே முடியும்.

விவரப் பகுதி ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஸ்டேட்மென்டில் தெரியும் விற்பவர் பெயர் (இணையதளப் பெயரும் இதுவும் பல நேரம் வேறாக இருக்கும்), தேதி, தொகை, ஆர்டர் எண், மாடல், டெலிவரியான நாள். பிறகு பழுது. ‘தரமில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஆன் செய்த நான்கு நிமிடத்தில் தானாக அணைகிறது, மூன்று வெவ்வேறு மின் இணைப்பில் பார்த்தாயிற்று’ என்று எழுதுங்கள். விற்பனைப் பக்கத்தில் என்ன வாக்குறுதி இருந்தது, கையில் என்ன வந்தது என்ற வேறுபாடு ஒரு வரியில். பிறகு விற்பவரைத் தொடர்புகொண்ட நாட்கள், திருப்பித் தர முன்வந்த நாள், அவர் பதில். கடைசியில் கேட்கும் தொகையும், பொருள் இப்போது எங்கே எந்த நிலையில் இருக்கிறது என்பதும்.

இணைப்புகளில் இன்வாய்ஸ், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பழுதைக் காட்டும் படங்கள், உரையாடல், அனுப்பியிருந்தால் ட்ராக்கிங் விவரம் இருந்தால் போதும். விற்பனைப் பக்கத்தை உடனே படம் பிடித்துவிடுங்கள். தகராறு வந்ததும் அதில் எழுத்து மாறுவதுண்டு, சில நேரம் பக்கமே காணாமல் போகும். வீடியோவைப் பல வங்கிகளின் அமைப்பு ஏற்காது, ஆகவே அதிலிருந்து மூன்று நான்கு நிலைப்படங்களை எடுத்து ஒரே பிடிஎஃப் கோப்பில் தேதி வாரியாக அடுக்குங்கள். உரையாடல் உங்கள் மொழியில் இருந்து, விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், முக்கியமான வரிகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். மறுமுனையில் படிப்பவருக்குப் புரியாத ஆதாரத்தால் பயனில்லை. இருபது கோப்புகளைத் தனித்தனியாகக் கொட்டுவதைவிட ஆறு பக்கத்தில் ஒழுங்காகக் கொடுத்த புகார் வேகமாக நகரும்.

தொகையில் பேராசை வேண்டாம். மூன்று பொருள் வாங்கி ஒன்று மட்டும் பழுது என்றால் அந்த ஒன்றின் விலையை மட்டும் கேளுங்கள். முழு இன்வாய்ஸையும் கேட்டால், இரண்டு நல்ல பொருளை வைத்துக்கொண்டு பணம் கேட்கிறார் என்று விற்பவர் எளிதில் முறியடிப்பார். மன உளைச்சல், வீணான நாள் போன்றவற்றுக்கு இந்த வழியில் இழப்பீடு கிடையாது, பரிவர்த்தனைத் தொகை மட்டுமே. வெளிநாட்டு நாணயத்தில் வாங்கியிருந்தால், திரும்ப வரும் தொகை மாற்று விகிதத்தால் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கலாம்.

கிரெடிட் கார்டு என்றால், டிஸ்ப்யூட் போட்டவுடன் அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சில வங்கிகள் தொகையைத் தற்காலிகமாக ஒதுக்கிவைக்கும், சில ஒதுக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற பில் தொகையைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். பொருளைத் தவணையில் மாற்றியிருந்தால் தவணை தொடர்ந்து கழியும், அது பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். டெபிட் கார்டிலும் நெட்வொர்க் விதி இதேதான். வேறுபாடு என்னவென்றால் அங்கே போனது உங்கள் சொந்தப் பணம், முடிவு வரும்வரை அது இல்லாமல் சமாளிக்க வேண்டும்.

விற்பவர் எதிர்த்தால்

விற்பவர் தரப்பு பதில் சொல்ல, விசாவில் பொதுவாக 30 நாள் வரை, மாஸ்டர்கார்டில் 45 நாள் வரை ஆகும். இதற்குள் உங்கள் கணக்கில் ‘தற்காலிக வரவு’ என்று பணம் வந்திருக்கலாம். அதைச் செலவு செய்துவிடாதீர்கள். விற்பவர் பதிலை வங்கி ஏற்றுக்கொண்டால் அதே தொகை மறுபடி கழியும்.

வரும் பதில்களில் பழைய பாட்டுகள் சில உண்டு. டெலிவரி ரசீதை அனுப்புவார்கள். பொருள் வந்தது என்பதை நீங்கள் மறுக்கவே இல்லையே, அது இந்தப் புகாருக்குப் பொருந்தாத ஆதாரம் என்று ஒரு வரியில் எழுதினால் போதும். ‘விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை’ என்ற நிபந்தனையை ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்புவார்கள். மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு எதிராக அந்த நிபந்தனை நிற்கும். பழுதான பொருளுக்கு அது கேடயமாகாது. நீங்கள் அந்த நிபந்தனைக்கு டிக் போட்டிருந்தாலும் இதுதான் நிலை. ‘நாங்கள் பழுது பார்த்துத் தருவதாகச் சொன்னோம், அவர் ஏற்கவில்லை’ என்பதுதான் உண்மையில் வலுவான பதில். அப்படி ஒரு வாக்குறுதி உரையாடலில் இருந்தால் அதை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு நீங்கள் காரணம் காட்ட வேண்டும்: நாள் சொல்லவில்லை, செலவை உங்களிடம் கேட்டார், ஏற்கெனவே ஒரு முறை பழுது பார்த்தும் அதே கோளாறு. ஆகவே நியாயமான ஒரு பழுதுபார்ப்பு வாய்ப்பை விற்பவர் எழுத்தில் தந்தால் அதை எடுத்த எடுப்பில் தள்ளாதீர்கள்.

வங்கி இந்தப் பதிலை உங்களுக்கு அனுப்பி, சில நாள் கெடுவில் மறுமொழி கேட்கும். இந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போய், கெடு தாண்டி, புகார் மூடப்படுவது சாதாரணமாக நடக்கிறது. டிஸ்ப்யூட் போட்ட நாளிலிருந்து வாரம் இரண்டு முறையாவது ஆப்பையும் ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். மறுமொழியில் பழைய கதையை மறுபடி சொல்லாமல், விற்பவர் வைத்த ஒவ்வொரு ஆவணத்துக்கும் நேருக்கு நேர் பதில் சொல்லுங்கள்.

அதற்கும் மேலே நெட்வொர்க்கே தீர்ப்புச் சொல்லும் நடுவர் கட்டம் உண்டு. ஆனால் தோற்கும் வங்கி கட்ட வேண்டிய கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். சிறிய தொகைக்காக எந்த வங்கியும் அங்கே போக விரும்பாது. அதனால்தான் முதல் புகாரையே முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த ஆதாரத்துக்கு இடம் கிடைக்காமலே போகலாம்.

நடுவில் விற்பவரே அழைத்து, ‘டிஸ்ப்யூட்டை வாபஸ் வாங்குங்கள், நாளைக்கே பணம் போடுகிறோம்’ என்பார். அவருக்கு அவசரம் இருப்பது உண்மை. ஒவ்வொரு சார்ஜ்பேக்குக்கும் அவர் வங்கி கட்டணம் வசூலிக்கும், எண்ணிக்கை கூடினால் கார்டு வசதியே பறிபோகும். ஆனால் வாபஸ் வாங்கிய புகாரை மறுபடி திறப்பது அநேகமாக முடியாத காரியம். முதலில் பணம் கணக்கில் வரட்டும், பிறகு வாபஸ் என்று எழுத்தில் சொல்லுங்கள். ‘அனுப்பிவிட்டோம்’ என்றால் ஏ.ஆர்.என். எனப்படும் 23 இலக்கக் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். கார்டுக்கு உண்மையில் ரீஃபண்ட் செய்திருந்தால் அந்த எண் இருக்கும், அதை வைத்து உங்கள் வங்கி தேடிச் சொல்லிவிடும். பணம் வந்துவிட்டால் அன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள். இரண்டு பக்கமும் பணம் வாங்கியவராகப் பதிவானால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

இடையில் வேறொருவர் இருந்தால்

பெரிய விற்பனைத் தளத்தில் மூன்றாம் நபர் விற்ற பொருள் என்றால், முதலில் அந்தத் தளத்தின் சொந்த உத்தரவாதத் திட்டத்தில் புகார் கொடுங்கள். அது வேகம், ஆதாரத் தேவையும் குறைவு. அங்கே மறுத்தால் அந்த மறுப்பையும் வங்கிக்கு இணைக்கலாம். அந்தத் திட்டத்தைத் தாண்டி நேராக வங்கி டிஸ்ப்யூட்டுக்குப் போனால் சில தளங்கள் உங்கள் கணக்கையே நிறுத்திவைப்பதுண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பேபால் வழியாகக் கார்டில் கட்டியிருந்தால் இரண்டு வழி இருக்கிறது: பேபாலின் சொந்தப் புகார் முறை, அதற்குப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள், அல்லது கார்டு வங்கி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது, வங்கியில் டிஸ்ப்யூட் போட்டால் பேபால் தன் புகாரை மூடிவிடும். கார்டிலிருந்து ஒரு வாலட்டில் பணம் ஏற்றி, வாலட்டிலிருந்து கட்டியிருந்தால் நிலைமை மோசம். வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கியது வாலட் இருப்பு, அது ஒழுங்காகக் கிடைத்துவிட்டது. கிஃப்ட் கார்டில் கட்டியதற்கும் இதே கதிதான். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பிய பணத்துக்குக் கார்டு நெட்வொர்க் விதி எதுவும் உதவாது.

வந்தது போலிப் பொருள் என்று தெரிந்தால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் விசாவின் 13.4 பிரிவில் இல்லை. உற்பத்தி நிறுவனத்திடமிருந்து ‘இது எங்கள் தயாரிப்பு அல்ல’ என்ற எழுத்து கிடைத்தால் போதும்.

சட்டம் தரும் கூடுதல் கை

மேலே சொன்னவை நெட்வொர்க் விதிகள், எந்த நாட்டில் இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றே. அதற்கு மேல் சில நாடுகளில் சட்டமும் துணைக்கு வரும். பிரிட்டனில் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்பவரைப் போலவே கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. அதற்கு 120 நாள் கெடு கிடையாது. டெபிட் கார்டுக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பில் பிழைகளுக்கு ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. பொருளின் தரம் பற்றிய தகராறுக்கு வேறு நிபந்தனைகள்: தொகை 50 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், வாங்கியது உங்கள் மாநிலத்துக்குள் அல்லது வீட்டிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் அனுமதியில்லாத பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி தந்திருக்கும் பாதுகாப்பு, பழுதான பொருளுக்கு வராது. ஆனால் டிஸ்ப்யூட்டை வங்கி சரியாகக் கையாளவில்லை என்றால், எழுத்தில் புகார் தந்து 30 நாளாகியும் பதில் இல்லாதபோதோ, வந்த பதில் திருப்தி தராதபோதோ, ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வங்கியில் தோற்றது நீதிமன்றத்தில் தோற்றதாகாது. நுகர்வோர் ஆணையமோ சிறு வழக்கு நீதிமன்றமோ அப்போதும் திறந்தே இருக்கிறது, வங்கிக்காக அடுக்கிய அதே ஆறு பக்கக் கோப்பு அங்கேயும் அப்படியே உதவும். இதன் மறுபக்கமும் உண்மைதான்: நீங்கள் வென்ற பிறகும் விற்பவர் பொருளைத் திரும்பக் கேட்கலாம், பணம் கேட்டு வழக்கும் போடலாம். ஆகவே பணம் வந்துவிட்டது என்று பொருளைக் குப்பையில் போட்டுவிடாமல், ‘வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சில மாதம் பெட்டியிலேயே வைத்திருங்கள்.